வேலையை விடாமல் ஃபின்டெக் ஆய்வு: திருப்பூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: திருப்பூரில் தனியார் வங்கி ஒன்றின் கிளையில் துணை மேலாளராக இருக்கிறேன். வயது 34. எம்.காம். படிப்பில் 61 சதவீதம். வேலையை விடாமல் ஃபின்டெக்கில், அதாவது நிதித் தொழில்நுட்பத்தில், பிஎச்.டி. செய்ய ஆசை. ‘திருப்பூர் மாவட்டத்தில் யுபிஐ பயன்படுத்துவோரின் திருப்தி நிலை’ என்று தலைப்பு யோசித்து வைத்திருக்கிறேன். 18 மாதத்தில் ஆன்லைனிலேயே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் தினமும் போன் செய்கிறது. அது செல்லுமா? கோடிங் தெரியாத எனக்கு இந்தத் துறை ஒத்துவருமா? கிளையில் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களை ஆய்வுக்கு எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த போனை எடுப்பதை நிறுத்துங்கள். ஆன்லைனில் கல்வி நடத்தும் எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி. இங்கே அங்கீகரிக்கப்படாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரிலேயே சேர்ந்து எச்சரித்திருக்கின்றன. அடுத்த மாதம், நவம்பர் 7 அன்று வந்த பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகளின்படி, பாட வகுப்புகளையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆக வேண்டும். தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் பிஎச்.டி. கிடையாது. 18 மாதம் என்ற பேச்சே அந்த விதிக்குள் வராது. ‘டி.பி.ஏ.’ (வணிக நிர்வாக டாக்டர் பட்டம்) என்ற பெயரில் வேறொன்றை நீட்டினாலும், கல்லூரிப் பணிக்கு அது பிஎச்.டி. ஆகாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பட்டம் எதற்கு? கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைதான் குறி என்றால், 2023 ஜூலை முதல் அதற்கு பிஎச்.டி. கட்டாயம் இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று போதும். நெட் வணிகவியல் தாளுக்கு ஓராண்டு ஒழுங்காகப் படிப்பது, ஆறேழு ஆண்டு ஆய்வைவிடப் பல மடங்கு குறுகிய வழி. கண் முன்னால் நடக்கும் ஒன்று ஏன் அப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்ற பிடிவாதம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். உங்கள் கடிதத்தில் அந்தப் பிடிவாதம் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஃபின்டெக்குக்கென்று தனித் துறையைத் தேடி அலைய வேண்டாம். நெட் தேர்வின் பாடப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. வணிகவியலுக்கு 08, மேலாண்மைக்கு 17, கணினி அறிவியலுக்கு 87 என்று குறியீடுகள் இருக்கின்றன. நீங்கள் ஆராய்வது ஃபின்டெக்காக இருந்தாலும், பட்டத்தில் இருக்கப்போவது இவற்றில் ஒரு துறையின் பெயர்தான். எம்.காம். படித்தவருக்கு வணிகவியல், மேலாண்மை ஆகிய இரண்டு கதவுகள் பொதுவாகத் திறந்திருக்கும். கணினித் துறையில் பதிவு செய்ய அந்தத் துறையின் முதுகலையைக் கேட்பார்கள். எந்தப் பட்டத்துக்கு எந்தத் துறை என்ற இணைப் பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக வைத்திருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கம் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும், அதன் இணைப்புக் கல்லூரிகளில் ஆய்வு அங்கீகாரம் பெற்ற வணிகவியல் துறைகளும் இருக்கின்றன. வங்கித் தொழில்நுட்பத்திலேயே முழுதாக இறங்க விரும்புவோருக்கு ஹைதராபாத்தில் ஐ.டி.ஆர்.பி.டி. இருக்கிறது. 1996இல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஆனால் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே ஆய்வு செய்வது நடைமுறையில் மிகக் கடினம்.

தகுதியில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், உங்களிடம் 61 இருக்கிறது. சேர்க்கைக்குப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு அல்லது நெட் மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்பது கணக்கு. பல்கலைக்கழகத் தேர்வில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியலில் வரும். வங்கிப் பணியில் இருப்பவர்கள் பாடக் கேள்விகளை நம்பிப் போய்த் தோற்பது அந்தப் பாதியில்தான். நெட் எழுதிப் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வேலையில் இருந்துகொண்டு அதை வாங்க முடியாது என்பதால் உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பகுதிநேரப் பதிவில் உண்மையாகவே இடிப்பது தடையின்மைச் சான்று. ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரி போதாது. விதி மூன்று விஷயங்களைக் கேட்கிறது: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, வேலை போக ஆய்வுக்குப் போதிய நேரம் உண்டு என்ற உறுதி, தேவைப்பட்டால் பாட வகுப்புகளுக்குப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற ஒப்புதல். கிளை மேலாளர் கையெழுத்து உதவாது. மனிதவளத் துறையிலிருந்து, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கும்படி வாங்குங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால், 12 முதல் 16 கிரெடிட் பாட வகுப்புகள் வரும்போது ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்போடு மோதிக்கொள்ளும். அந்தப் பாடங்களில் 55 சதவீதம் எடுக்காமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. கால எல்லை 6 ஆண்டு, மறுபதிவில் மேலும் 2. பெண்களுக்கு இன்னொரு 2 சேர்த்து மொத்தம் 10. மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. இந்தச் சலுகைகளைக் கைகாவலாக வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தை மட்டும் 5 ஆண்டுக்குப் போடுங்கள்.

இனி தலைப்பு. அந்தத் ‘திருப்தி நிலை’யை விட்டுவிடுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

இப்படிப்பட்ட ஆய்வுகள் எப்படி நடக்கின்றன? ஒரு கூகுள் படிவம், தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், ஐந்து புள்ளி அளவுகோல், 384 பதில்கள். அந்த 384 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 வரும். 95 சதவீத நம்பகம், கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழை என்பது அதன் பொருள். மாவட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதிரியில் விழச் சம வாய்ப்பு இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். உங்கள் தொடர்பில் இருப்பவர்களிடம் வாங்கிய பதில் 384 ஆனாலும் 3,840 ஆனாலும் அந்தப் பிழை அளவு பொருந்தாது. யுபிஐ பயன்படுத்துபவரிடம் மட்டும் திருப்தியைக் கேட்டால், வெறுத்து விட்டுப்போனவரும் தொடவே தொடாதவரும் கணக்கில் வரமாட்டார்கள். அதோடு காரணத்தையும் விளைவையும் ஒரே ஆளிடம், ஒரே படிவத்தில், ஒரே நிமிடத்தில் கேட்பதால் இரண்டுக்கும் இடையே இல்லாத உறவுகூட இருப்பதுபோல் தெரியும். இத்தகைய ஆய்வுகள் சாயும் தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை, அதாவது ஒரு புதுத் தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்ற விளக்கத்தை, டேவிஸ் முன்வைத்தது 1989இல். 2025 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. மக்கள் ஏற்பார்களா என்ற கேள்வியின் காலம் முடிந்துவிட்டது.

யுபிஐயை விட மனமில்லை என்றால் எண்ணிப் பார்க்கக்கூடிய கேள்விகள் அதிலேயே இருக்கின்றன. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபேக்கும் வணிகர் கட்டணம் பூஜ்யம். அதன்பின் வங்கிகள் இந்தச் சேவையில் காட்டும் அக்கறை என்ன ஆனது? எந்த வங்கியில் எத்தனை சதவீதப் பரிவர்த்தனை தொழில்நுட்பக் கோளாறால் விழுகிறது என்பதை யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. மாதாமாதம் வெளியிடுகிறது. மாவட்டவாரித் தரவு போன்பே நிறுவனத்தின் பல்ஸ் தளத்தில் இலவசம்.

ஆனால் நீங்கள் இருப்பது திருப்பூரில். வங்கியில் உட்கார்ந்து பனியன் தொழிலின் பணம் எங்கே சிக்குகிறது என்று தினமும் பார்க்கிறீர்கள். சாயப்பட்டறைக்காரர், காம்பாக்டிங் போடுபவர், பிரின்டிங், எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் செய்பவர் பில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வர வேண்டும். வராத பில்லை உடனே காசாக்கத்தான் ட்ரெட்ஸ் தளங்கள் வந்தன. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் மூன்றும் 2017இல் இயங்கத் தொடங்கின. விற்றவர் பில்லை ஏற்றுகிறார், வாங்கியவர் ஒப்புக்கொள்கிறார், வங்கிகள் வட்டி விகிதம் கூறி ஏலம் கேட்கின்றன. தவணை நாளில் வாங்கியவர் கட்டத் தவறினாலும் விற்றவரிடம் திரும்பக் கேட்க முடியாது. கேட்க இவ்வளவு நன்றாக இருக்கும் ஏற்பாட்டை ஏன் உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் தொட்டதில்லை? இதுவும் ஃபின்டெக்தான், உங்களால்தான் சரியாகக் கேட்க முடியும்.

இதில் ஆய்வாளருக்குக் கிடைத்த வரம் ஒன்று இருக்கிறது. 2018 நவம்பரில், ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் ட்ரெட்ஸில் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. 2024 நவம்பரில் அந்த எல்லை 250 கோடியாகக் குறைந்தது, கெடு 2025 மார்ச் 31. ஆகவே 250க்கும் 500க்கும் இடைப்பட்ட நிறுவனங்கள் புதிதாகக் கட்டாயத்துக்குள் வந்தன. 250க்குக் கீழே உள்ளவை வெளியே நின்றன, ஒப்பிட உதவும் கட்டுப்பாட்டுக் கூட்டம் இவைதான். இரண்டு கூட்டத்தையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டால் கட்டாயம் பலன் தந்ததா என்று அளக்கலாம். ‘வேறுபாட்டின் வேறுபாடு’ என்று பொருளாதாரத்தில் சொல்லும் முறை இதுதான். தரவும் இருக்கிறது: 2021 ஏப்ரல் 1 முதல் நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்து நிதிநிலை அறிக்கையில் காட்ட வேண்டும். 2021-22, 22-23, 23-24 முந்தைய ஆண்டுகள். 24-25 இடைமாற்ற ஆண்டு. 25-26தான் முதல் முழு ஆண்டு.

எங்கே தவறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் எந்தக் கூட்டத்தில் சேரும் என்பதை 2022-23 விற்றுமுதலை வைத்து உறுதியாக்கிவிடுங்கள். ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருந்தால் எல்லையைத் தாண்டி வருபவர்களும் போகிறவர்களும் முடிவைக் கெடுப்பார்கள். ஆணை கேட்பது பதிவை மட்டும்தான், பில்லை ஏற்பதை அல்ல. பதிவு செய்துவிட்டு ஒரு பில்லைக்கூட ஏற்காத நிறுவனமும் உங்கள் கணக்கில் ‘கட்டாயத்துக்கு உட்பட்டது’தான். எனவே நீங்கள் அளப்பது ஆணையின் விளைவு, ட்ரெட்ஸின் விளைவு அல்ல. ஆய்வேட்டில் இதை மாற்றி எழுதினால் வாய்மொழித் தேர்வான வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழில்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது, பணம் கட்டிய ஆண்டில்தான் கழிக்கலாம். கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31க்குள் தீர்த்துவிட்டால் அந்த ஆண்டின் கழிவு தப்பும் என்பதால், ஆண்டு முழுக்க இழுத்தடித்தவர்களுக்கும் மார்ச் கடைசியில் பைசல் செய்ய ஒரு காரணம் கிடைத்தது. நிதிநிலை அறிக்கை காட்டுவது அந்த ஒரு நாளின் பாக்கியை மட்டும்தான். பாக்கி குறைந்தது என்று நீங்கள் மகிழ்வீர்கள், ஜூலையிலும் அக்டோபரிலும் சாயப்பட்டறைக்காரர் முன்புபோலவே காத்திருந்திருப்பார்.

அதனால்தான் ஆய்வின் இரண்டாம் பாதி களத்தில் நடக்க வேண்டும். சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி சங்கங்களிடம் உறுப்பினர் பட்டியல் கேளுங்கள். குலுக்கல் முறையில் 150 யூனிட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். அபிப்பிராயம் கேட்காதீர்கள், பேரேட்டைக் கேளுங்கள். பில் தேதி, பேசிய தவணை, கணக்கில் பணம் வந்த தேதி, தொகை, வாங்கியவரின் வகை என்று ஐந்து பத்திகள் போதும். யூனிட்டுக்கு 20 பில் என்றால் 3,000 வரிசைகள். ஒரே யூனிட்டின் 20 பில்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. 3,000 தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் எல்லாமே புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றதுபோல் பொய்யாகத் தெரியும். பிழையை யூனிட்வாரியாகக் கொத்தாக்கிக் கணக்கிட வேண்டும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா, ஜி.எஸ்.டி. பில் போடுகிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாதவர் ட்ரெட்ஸ் வாசலுக்கே போக முடியாது. வாங்கும் ஏற்றுமதியாளர் 250 கோடிக்குக் கீழே இருந்தால் கட்டாயம் அவரைத் தொடாது. அவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போடும் பில்லும் இந்தத் தளங்களில் வராது. எந்தப் படியில் எத்தனை பேர் உதிர்கிறார்கள் என்று எண்ணிக் காட்டினாலே அது ஒரு நல்ல அத்தியாயம்.

கோடிங் பற்றிய பயம் வேண்டாம். இந்த ஆய்வுக்கு ‘ஆர்’ என்ற நிரல்மொழி போதும், இலவசம். தரவைப் படிப்பது, சுத்தம் செய்வது, இரண்டு அட்டவணைகளை இணைப்பது, நிலைத்த விளைவு ரிக்ரஷன் (ஒவ்வொரு நிறுவனத்தின் மாறாத தனித்தன்மையைக் கழித்துவிட்டு ஒப்பிடும் கணக்கு) ஓட்டுவது. வாரம் 6 மணி நேரம் ஒதுக்கினால் நாலைந்து மாதத்தில் கைவரும். எக்செல்லில் கையால் திருத்துவதை மட்டும் முதல் நாளிலிருந்தே விட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து எந்தக் கட்டத்தை ஏன் மாற்றினோம் என்று உங்களுக்கே தெரியாது.

இயந்திரக் கற்றலில் மோசடி கண்டுபிடிப்பு என்ற தலைப்பை யாராவது திணித்தால் கவனம். ஐரோப்பிய கார்டு தரவு ஒன்று எல்லார் கையிலும் சுற்றுகிறது: 2,84,807 பரிவர்த்தனைகள், அதில் மோசடி 492. ‘எதுவுமே மோசடி இல்லை’ என்று சொல்லும் நிரலுக்கும் 99.83 சதவீதத் துல்லியம் வந்துவிடும். இந்த ஒற்றை எண்ணைப் பெருமையாகக் காட்டி எழுதிய கட்டுரைகளை நம்பாதீர்கள். பிடிபட்ட மோசடி எத்தனை, பிடித்ததில் உண்மை எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். மோசடிப் பதிவுகள் குறைவு என்பதால் செயற்கை மாதிரிகளைச் சேர்ப்பதாக இருந்தால் தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதியில் மட்டும் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் விடை வினாத்தாளுக்குள் கசிந்துவிடும்.

கிளையின் வாடிக்கையாளர் விவரங்களைத் தொடவே தொடாதீர்கள். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஊர், தொழில், கடன் தொகை மூன்றும் சேர்ந்தால் திருப்பூரில் ஆள் யார் என்று யாருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தரவு வங்கிக் கடமைக்காக உங்கள் கைக்கு வந்தது, ஆய்வுக்காக அல்ல. மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றாலும், அவர் மாற்றலாகிப் போனபின் நிற்கப்போவது நீங்கள். உங்கள் கிளையின் கடன்தாரர்களை மாதிரியிலிருந்தே விலக்கிவிடுங்கள். அதிகாரியிடம் மறுக்க முடியாமல் பதில் சொல்பவரின் சம்மதம் சம்மதமாகாது. ஆய்வேட்டிலும் அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

நெறியாளர் தேர்வில் பெயரைவிட நான்கு விவரம் முக்கியம். பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம், காலியிடம் இருக்கிறதா? ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் புதியவரைச் சேர்க்க முடியாது. அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் மூன்றை சோத்கங்கா தளத்தில் திறந்து, முறையியல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். மூன்றும் 384 என்றால் விலகிவிடுங்கள். கடைசியாக, நூலகத்தில் நிறுவனங்களின் நிதிநிலைத் தரவுத்தளமான சி.எம்.ஐ.இ. பிரோவெஸ் சந்தா உண்டா? இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான ஆண்டறிக்கைகளிலிருந்து நீங்களே கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருவதாக யார் சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரைதான் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அதையும் மீறிப் போனாலும், வைவாவில் ஏன் இந்தக் கட்டுப்பாட்டுக் கூட்டம் என்று கேட்டால் பதில் சொல்ல எழுதியவர் வரமாட்டார். 2022 விதிகளில் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டது, ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்கலாம். நல்ல இதழ்களில் ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். எனவே களத் தரவில் முதல் கட்டுரையை மூன்றாம் ஆண்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

நெறியாளருக்கு அனுப்பும் கடிதம் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். முதல் வரியில் கேள்வி: ‘ட்ரெட்ஸ் பதிவுக் கட்டாயம் 250 கோடியாகக் குறைந்தபின் சிறு தொழில்களுக்கான பாக்கி உண்மையில் குறைந்ததா?’ அடுத்து எந்தத் தரவு, எந்த ஆண்டுகள், யாரை யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள். பிறகு 150 யூனிட் களத்திட்டம். கடைசியில் தடையின்மைச் சான்று கையில் இருக்கிறது என்ற செய்தி. அந்தச் சான்றுக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே மனிதவளத் துறைக்கு அனுப்பிவிடுங்கள், வந்து சேர மாதங்கள் ஆகலாம். அது வரும்வரை காத்திருக்காமல் ஐந்து யூனிட்டுகளின் பேரேட்டை அவர்கள் அனுமதியோடு பார்த்து, அந்த ஐந்து பத்திகளை நிரப்பிப் பாருங்கள். எந்தப் பத்தி நிரம்பவில்லையோ அதைப் பற்றிக் கேட்கத்தான் நெறியாளரிடம் முதல் முறை போகிறீர்கள்.